ஓய்வு வயதைக் கூட்டுவதா, 45 வயதில் திரும்பப் படிக்க வழி விடுவதா?

வாவிக்கரையான்:
நம் இலங்கையில் சராசரி ஆயுள் 76, 77க்கு வந்துவிட்டது. அரச ஊழியரை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதுக்குப் பிறகு எத்தனை வருஷம் பென்ஷன் கொடுப்பது? ஓய்வு வயதை 65 ஆக்கியதை 2022 கடைசியில் திரும்ப 60க்குக் குறைத்தது பெரிய பிழை. டிசம்பர் 31 அன்று ஆட்கள் கூட்டமாகப் போனார்கள். பொறுப்பை ஒப்படைக்கக்கூட அவகாசம் இல்லை.

அட்டாளைச்சேனை டீச்சர்:
தம்பி, கீழே நிற்கிற பிள்ளைகளையும் பாருங்கள். ஏ.எல். எடுக்க 19. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துப் பட்டம் முடிக்க 25, 26. அரச வேலைகள் பலவற்றுக்கு வயதெல்லை 35. மேலே உள்ளவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்தால் அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கிற காலத்தில் பாதி போய்விடும்.

களுதாவளை வயர்மேன்:
ரெண்டு பேரும் அரச கந்தோரையே கதைக்கிறீர்கள். தனியாரில் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆனால் இ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம். நம் பக்கம் அது மகளுக்குக் கட்டுகிற வீட்டில் லிண்டல் மட்டத்தோடு முடிந்துவிடும். பிறகு 20 வருஷம் எதைக் கொண்டு வாழ்வது? 45 வயதில் ஒரு சான்றிதழாவது கையில் வேண்டும். தொழில் தெரிந்தவர் திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை. அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் முன்அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். செய்த வேலைகளின் படம், பில், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாம் கோப்பாக்கிக் கொடுக்க வேண்டும், பிறகு செய்முறைச் சோதனை. வயரிங்காரர் தடுமாறுவது கை வேலையில் அல்ல. சுற்றுப்படம் வரைவது, மெகர் கருவியால் வயரின் இன்சுலேஷன் பார்ப்பது, மின் கசிந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் ஏன் 30 மில்லிஅம்பியர் என்று சொல்வது, இவற்றில்தான். முதலே பழகிக்கொண்டு போனால் போதும்.

வாவிக்கரையான்:
அண்ணே, நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதை யார் கொடுப்பது?

களுதாவளை வயர்மேன்:
மாதக்கணக்கில் வகுப்பில் இருப்பதோடு பார்த்தால் கோப்புக்கும் சோதனைக்கும் போகிற நாட்கள் கொஞ்சம்தான்.

அட்டாளைச்சேனை டீச்சர்:
சரி, எடுத்துவிட்டார் என்றே வைப்போம். விளம்பரத்தில் 35 என்று போட்டிருந்தால் 46 வயதுக்காரருக்கு அந்தச் சான்றிதழ் எதுக்கு?

களுதாவளை வயர்மேன்:
அதுதான் டீச்சர், 60ஐயும் 65ஐயும் விட்டு அந்த 35ஐ முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அரச பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷச் சேவை வேண்டும். 46இல் சேர்பவருக்கு அது 56இலேயே நிறைந்துவிடும்.