கடிதம் வந்தபோது பஸ் எங்களிடம் இல்லை

பள்ளி வாகனப் பொறுப்பாளர்:

11 ஆண்டுகளாகப் பள்ளி பஸ்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். புது பஸ் என்றால் முதல் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வந்து, "சார், இடப்பக்கம் மூன்றாவது சீட் ஆடுகிறது" என்றார். போல்ட்டை முடுக்கச் சொன்னேன். இருபது நாளில் மறுபடி வந்தார், மறுபடி முடுக்கினோம். மூன்றாவது முறை அவர் எதுவும் பேசவில்லை. என்னை பஸ்ஸுக்குள் அழைத்துப்போய், சீட்டின் முதுகில் கைவைத்துத் தள்ளிக் காட்டினார். சீட்டின் கால் அடித்தகட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு விரிந்து மூடியது.

பஸ்ஸுக்குள் சீட்டுகளுக்கு நடுவே உள்ள வழியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வெல்டிங் பாதிவரைதான் ஓடியிருந்தது. மீதி இடத்தில் இரண்டு இரும்பையும் சேர்த்துப் பிடித்திருந்தது பெயின்ட் மட்டுமே. அதுவும் வெடித்து, விளிம்பில் பென்சிலால் கோடு இழுத்ததுபோலத் துரு. அதே ஆர்டரில் வாங்கிய மற்ற பஸ்களையும் அன்று மாலையே பார்த்தேன். நான்கில் மூன்றுக்கு அதே இடத்தில் அதே பிளவு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீட் ஆடுவதெல்லாம் ஒரு பெரிய குறையா என்று கேட்டவர்கள் உண்டு. பள்ளி பஸ்ஸில் சீட் வெறும் உட்காரும் பலகை அல்ல. அமெரிக்காவில் 1977 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி, பெரிய பள்ளி பஸ்ஸின் பாதுகாப்பை சீட்டின் மேலேயே ஏற்றி வைத்திருக்கிறது. உயரமான முதுகும் மெத்தையும் கொண்ட சீட்டுகளை நெருக்கமாக அமைத்தால், மோதலின்போது முன்சீட்டின் முதுகு வளைந்துகொடுத்து, பின்னால் இருக்கும் பிள்ளையைத் தாங்கும். கால் தரையை விட்டுவிட்டால் தாங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ஷோரூமில் "ரோடு சரியில்லை, பிள்ளைகள் குதித்திருப்பார்கள்" என்றார்கள். பஸ்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வண்டிகளுக்கு சேசிஸ், அதாவது அடிச்சட்டம், செய்வது ஒருவர், அதன்மேல் பாடி கட்டுவது வேறொருவர். சேசிஸ்காரர் பாடி கட்டியவரைக் கைகாட்டினார். பாடி கட்டியவர் எங்கள் டிரைவரைக் கைகாட்டினார். மூன்று பஸ்களையும் ஓட்டாமல் நிறுத்தினேன். மற்ற வண்டிகளில் இரண்டு நடையாகப் பிள்ளைகளை ஏற்றினோம். பிறகு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன்: சேசிஸ் எண், பாடி எண், கட்டி முடித்த மாதம், எந்த வரிசை, எந்தக் கால். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம். பழுதான மூன்றும் ஒரே மாதத்தில் கட்டியவை. பழுதில்லாத ஒன்று அடுத்த மாதத்து வண்டி. அந்தப் பட்டியலை அனுப்பிய பிறகு யாரும் ரோட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அந்த மாதத்தில் கட்டிய எல்லா வண்டிகளுக்கும் சீட் கால்களை இலவசமாக மாற்றித் தருவதாக எழுதியிருந்தார்கள். உறையில் நான்கு கடிதங்கள் இருந்தன. நான்காவதில் இருந்த சேசிஸ் எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கியது. அது முந்தைய ஆண்டு நாங்கள் விற்றுவிட்ட பஸ். இத்தனை மாதம் இவ்வளவு எழுதினேன், அந்த வண்டியை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றிருந்தார். தேடிக் கண்டுபிடிக்க ஒன்பது நாளானது. இன்னொரு பள்ளியில் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிரைவரும் ஆட்டத்தைக் கவனித்திருக்கிறார். சீட்டின் காலைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்.

பணிமனை மெக்கானிக்:

சார் செய்ததுதான் சரியான வழி. ஒரு வண்டியில் ஒரு பாகம் தேய்ந்தால் அது பராமரிப்புக் குறையாக இருக்கலாம். அதே பாகம், அதே இடம், பல வண்டிகள் என்றால் குறை வண்டியைக் கட்டிய இடத்திலிருந்தே வந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாங்கள் முடுக்கி முடுக்கி அனுப்புவதாலேயே பல குறைகள் வெளியே தெரியாமல் போகின்றன. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் அப்படிப் பார்த்த குறை ஒரு பஸ்ஸின் அவசரக் கதவில். வெளியிலிருந்து இழுத்தால் திறந்தது. உள்ளிருந்து நான் முழு பலத்தோடு அழுத்தியும் கைப்பிடி பாதியில் நின்றது. உள்ளே இருந்த தண்டு அளவு தவறி, சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை அதை எப்படித் திறக்கும்?

கரோல்ட்டன் விபத்தைப் படித்ததிலிருந்து எந்த பஸ் வந்தாலும் அந்தக் கதவைத்தான் முதலில் பார்க்கிறேன். 1988 மே 14 அன்று கென்டக்கி மாநிலத்தில், தவறான திசையில் வந்த வண்டி ஒரு பழைய பள்ளி பஸ்ஸில் மோதியது. எரிபொருள் டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. முன்வாசல் அடைபட்டுவிட, எல்லாரும் பின்கதவுக்கு முண்டியடித்தார்கள். 27 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். உயிரைப் பறித்தவை தீயும் புகையும். அந்த பஸ்ஸின் சேசிஸ் 1977 மார்ச்சில் செய்யப்பட்டது. டேங்கைப் பாதுகாப்பது பற்றிய விதி பள்ளி பஸ்களுக்கு ஏப்ரல் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஷோரூமில் தட்டிக்கழித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில், குறை இருப்பது உறுதியானால் தயாரிப்பாளர் 5 வேலை நாள்களுக்குள் அரசு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தச் சட்டம் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஒரு தாய்:

போன வாரம் என் மகன், "எங்கள் சீட் ஊஞ்சல் மாதிரி ஆடும் அம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். இப்போது படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. நாளைக் காலை பஸ் வரும்போது ஏறிப் பார்க்கலாமா?

பள்ளி வாகனப் பொறுப்பாளர்:

காலைவரை காத்திருக்க வேண்டாம் அம்மா. இப்போதே பள்ளிக்குப் போன் செய்து, எந்த பஸ், எந்த வரிசை என்று சொல்லுங்கள். பார்த்துச் சரிசெய்யும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்காரவிடக் கூடாது. போல்ட்டை முடுக்கிவிட்டோம் என்று சொன்னால், வெல்டிங்கைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்த வண்டி வேறு யாரிடமிருந்தாவது வாங்கியதா என்பதையும் கேளுங்கள். அப்படியென்றால் சேசிஸ் எண்ணையும் பாடி எண்ணையும் சொல்லி இரண்டு தயாரிப்பாளர்களிடமும் விசாரிக்க வேண்டும். அறிவிப்பு வந்திருந்தாலும் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும்.