மூச்சு முட்டுக்கு வாயால இழுக்கிற, ரெண்டு மருந்து கலந்த பம்ப், அப்பா அடிக்கமாட்டன் எண்டு நிக்கிறாரு. பாவிக்கிற ஆக்கள் யாரும் இருக்கீங்களா?

படுவான்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட அப்பாக்கு 68 வயசு, வயல்தான் செஞ்சவரு, சின்ன வயசில இருந்தே முட்டு வருத்தம் இருக்கு, பீடியும் சுருட்டும் கனகாலம் இழுத்து இப்பதான் விட்டிருக்காரு. முதல் நீலப் பம்ப் மட்டும்தான் அடிச்சவரு, இப்ப கிளினிக்ல சல்மெட்ரோலும் புளூட்டிகசோனும் சேந்த ஊதாப் பம்ப் ஒண்ட எழுதி காலைல ரெண்டு இரவைக்கு ரெண்டு அடிக்கச் சொல்லியிருக்காங்க. இவரு என்னடாண்டா கொஞ்ச நாள் அடிச்சிட்டு "நீலம் அடிச்சா உடன நெஞ்சு திறக்குது, இதில ஒண்டும் தெரியல்ல, சும்மா காத்து" எண்டு அலுமாரிக்குள்ள வெச்சிட்டாரு. முட்டு கூடினா மட்டும் எடுத்து நாலஞ்சு தரம் தொடந்து அடிக்கிறாரு, அது சரியா பிழையா எண்டும் தெரியா. மறுகா கொப்பில ஒரு டொக்டர் ஆஸ்துமா எண்டு எழுதியிருக்காரு, இன்னொருத்தர் சிஓபிடி எண்டு எழுதியிருக்காரு. ரெண்டும் வேற வேற வருத்தமெண்டா மருந்து மட்டும் எப்பிடி ஒண்டு? இப்ப வேளாண்மை வெட்டுற நேரம், மெசின் தூசி வேற, இரவில இருந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுறாரு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்முனை பாமசிக்காரன்:
தம்பி முதல்ல அந்த நாலஞ்சு தரம் அடிக்கிறத நிப்பாட்டச் சொல்லுங்க. சல்மெட்ரோல் மெதுவா வேலை தொடங்கி 12 மணித்தியாலம் நிக்கிற மருந்து, முட்டு வந்த நேரத்தில அடிச்சு உடன சுகம் எடுக்க ஏலாது, கூட அடிச்சா நெஞ்சு படபடக்கும் கை நடுங்கும், அதுதான் மிச்சம். முட்டு வந்தா நீலம்தான், அது சல்பியூட்டமோல். ஊதா, முட்டு வராம இருக்க ஒவ்வொரு நாளும் அடிக்கிறது, சுகமா இருக்கிற நாளும் அடிக்கணும். அதில இருக்கிற புளூட்டிகசோன் மூச்சுக்குழாய் வீக்கத்தக் கொஞ்சம் கொஞ்சமா வத்த வைக்கிறது, முழுப் பலனும் தெரிய கிழமைக்கணக்கா போகும். வயல்காரர்தானே, பசளை எறிஞ்ச அடுத்த நாளே கதிர் வந்ததா எண்டு கேட்டுப் பாருங்க.

இன்னொண்டு, நிறத்த மட்டும் பாத்து எடுக்க வேணாம், கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும், பேரை வாசிங்க. பியூடசொனைட்டும் போர்மொட்டெரோலும் சேந்த பம்ப் ஒண்டும் இருக்கு, போர்மொட்டெரோல் சில நிமிசத்திலயே வேலை செய்யும், அதால ஆஸ்துமாக்காரருக்கு டொக்டர் சொன்னா அதையே முட்டு வந்த நேரமும் அடிக்கலாம். அத யாரும் அடிக்கிறதப் பாத்துட்டு "எல்லாக் கலவைப் பம்பும் அப்பிடித்தான்" எண்டு நினைக்கிற ஆக்கள் எங்கட கடைக்கே நிறைய வாறாங்க. உங்கட அப்பாட அது இல்ல.

அக்கரைப்பற்று மகள்:
எங்கட உம்மாக்கும் இதே மருந்துதான் ஆனா பம்ப் இல்ல, கருவிக்குள்ள போட்டு இழுக்கிற கெப்சூல். உம்மா என்ன செஞ்சிரிக்கிறா எண்டா அத தண்ணியோட விழுங்கிக்கிட்டு இரிந்திரிக்கிறா, கிளினிக்ல மிஸி "இழுத்துக் காட்டுங்க பாப்பம்" எண்ட நேரம்தான் தெரிய வந்த. அதால உங்கட வாப்பாவ உங்களுக்கு முன்னால ஒருக்கா அடிக்கச் சொல்லிப் பாருங்க, அவங்களுக்குத் தெரியும் எண்டு நம்பிட்டு இரிக்க வேணாம். தூள் மருந்தெண்டா வேகமா ஒரே இழுப்பா இழுக்கணும், பம்பெண்டா மெதுவா ஆழமா இழுக்கணும், ரெண்டும் நேர்மாறு. ரெண்டிலயும் இழுத்த பொறகு மூச்ச ஒரு 10 செக்கன் அடக்கி வெச்சிட்டு விடணும்.

மறுகா வாய். அடிச்ச பொறகு தண்ணியால தொண்டை வரைக்கும் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா பூஞ்சணம் புடிக்கும், குரலும் அடைக்கும். உம்மாக்கு அதுவும் வந்த. பல்லு விளக்கிறதுக்கு முன்னால மருந்து எண்டு பழக்கிட்டா மறக்காது. நோன்பு மாசத்தில சஹர் நேரமும் நோன்பு திறந்த பொறகும் எண்டு டொக்டர் மாத்தித் தந்தவரு, வசதியாத்தான் இரிக்கி.

வயல்வெளி ராசா:
அந்தப் புளூட்டிகசோன் ஸ்டீரொயிட்தானே? ஸ்டீரொயிட் எண்டா எலும்பு உருகும், முகம் வீங்கும், ஒருக்காப் பழகினா விட ஏலாது. தூதுவளை, கற்பூரவள்ளி குடுங்க தம்பி, அந்தக் காலத்தில ஆர் பம்ப் அடிச்ச?

பழைய மார்பு கிளினிக் ஆள்:
அண்ணே கோவிக்க வேணாம், அந்தக் காலத்தில முட்டு வந்த ஆக்கள் எத்தினி பேர் இரவோட இரவா போய்ச் சேந்த எண்டு எங்கட ஊர்க் கிழவிமாரக் கேளுங்க. தூதுவளை ரசம் குடிக்கட்டும், நானும் குடிக்கிறன், ஆனா பம்புக்குப் பதிலா இல்ல. நீங்க சொல்லுற வீக்கம் எல்லாம் குளிசையா மில்லிகிராம் கணக்கில நெடுக எடுக்கிற ஆக்களுக்குத்தான் கூடுதலா வாறது, பம்பில உள்ளது மைக்ரோகிராம், மில்லிகிராமில ஆயிரத்தில ஒரு பங்கு. பக்கவிளைவே இல்ல எண்டும் பொய் சொல்லமாட்டன், கூடின அளவு வருசக்கணக்கா போனா எலும்பு, கண் எல்லாம் பாக்கத்தான் வேணும்.

தம்பி கேட்ட மத்தக் கேள்வி நல்ல கேள்வி. ஆஸ்துமாவில குழாய் வீங்கிச் சுருங்கும், மருந்துக்குத் திரும்ப விரியும், அதுக்கு அடிப்படை மருந்தே ஸ்டீரொயிட்தான், சல்மெட்ரோலத் தனிய, ஸ்டீரொயிட் இல்லாம ஆஸ்துமாக்காரர் எடுத்தா உயிருக்கே ஆபத்து. சிஓபிடி பீடிப் புகை, விறகு அடுப்புப் புகையால நெஞ்சு பழுதாகி வாறது, குழாய் முழுசாத் திரும்ப விரியாது, அங்க அடிப்படை மருந்து குழாய விரிக்கிறது, அடிக்கடி கூடி ஆஸ்பத்திரியில படுக்கிற ஆக்களுக்குத்தான் ஸ்டீரொயிட்டையும் சேக்கிறது, ஏனெண்டா அவங்களுக்கு அதால நிமோனியா வாற வாய்ப்பு கொஞ்சம் கூடுது. சிலருக்கு ரெண்டும் கலந்தும் இருக்கும், உங்கட அப்பாட கதையப் பாத்தா அப்பிடித்தான் எனக்குப் படுது, சின்ன வயசு முட்டு, மறுகா பீடி. ஊதிப் பாக்கிற டெஸ்ட் செஞ்சதா? செய்யாட்டி கேளுங்க. காய்ச்சலோட சளி நிறம் மாறிச்செண்டா வீட்டில வெச்சிருக்க வேணாம்.

வயசான ஆளுக்கு அமத்துறதும் இழுக்கிறதும் ஒண்டா வராது, ஸ்பேசர், அதான் பம்புக்கும் வாய்க்கும் நடுவில வெக்கிற குடுவை, அத வெச்சு அடிக்கச் சொல்லுங்க. வாங்க ஏலாட்டி 500 மில்லி பிளாஸ்டிக் போத்தல்ட அடியில பம்ப் வாய்க்கு அளவா ஓட்டை போட்டாலும் வேலை செய்யும். பம்ப நல்லாக் குலுக்கி, ஒருக்கா அமத்தி இழுத்து, ஒரு நிமிசம் விட்டு மற்றது.

படுவான்கரையான்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. அடிக்கச் சொல்லிப் பாத்தன், மருந்து பாதி மூக்கு வழியா வெளிய வருது. ஊதுற டெஸ்ட் ஒண்டும் செய்யல்ல. இன்னொண்டு கேக்கணும், கண் பிரசருக்கெண்டு வேற ஆஸ்பத்திரில ஒரு சொட்டு மருந்து குடுத்திருக்காங்க, போத்தல்ல டிமோலோல் எண்டு போட்டிருக்கு, அது போடத் தொடங்கின பொறகுதான் இரவு முட்டு கூடின மாதிரி அம்மா சொல்லுறா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

கல்முனை பாமசிக்காரன்:
இருக்கு தம்பி! முதலே சொல்லியிருந்தா அதுலதான் தொடங்கியிருப்பன். டிமோலோல் கண்ணில போட்டாலும் உடம்புக்குள்ள போய் மூச்சுக்குழாயச் சுருக்கும், ஆஸ்துமா உள்ள ஆளுக்கு அது குடுக்கக் கூடாத மருந்து. ஆனா உங்கட எண்ணத்துக்கு நிப்பாட்டவும் வேணாம், கண் பிரசர் ஏறினா பார்வை போயிடும். நாளைக்கே போத்தலையும் ரெண்டு பம்பையும் கிளினிக் கொப்பியையும் ஒண்டாக் கொண்டு போய் கண் டொக்டருக்குக் காட்டி முட்டு வருத்தம் இருக்கெண்டு சொல்லுங்க, வேற வகைச் சொட்டு மருந்து இருக்கு, மாத்தித் தருவாங்க. இண்டைக்கு இரவு ஒரு வசனம் முழுசாப் பேச ஏலாம மூச்சு வாங்கினா, சொண்டு நீலம் பாஞ்சா, நீலப் பம்ப ஸ்பேசரால ஒண்டொண்டா அடிச்சிக்கிட்டு 1990க்கு கோல் எடுங்க, அந்த அம்புலன்சுக்குக் காசு குடுக்கத் தேவையில்ல.

அக்கரைப்பற்று மகள்:
போயிட்டு வந்து என்ன சொன்னாங்க எண்டு இஞ்ச எழுதுங்க, உம்மாவும் ஏதோ கண் மருந்து போடுறவ, நானும் இப்ப எழும்பிப் போய் போத்தலப் பாக்கப் போறன்.