கிம்ப் 3.0 போட்டபின் புடவைப் பட ஸ்கிரிப்ட் காணவில்லை, நிறமும் வெளிறுகிறது – உதவி தேவை

கேள்வி

வணக்கம். இளம்பிள்ளையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஐந்தாறு தறிக்காரர்களின் புடவைகளை நான்தான் படமெடுத்து, திருத்தி, வாங்குகிறவர்களுக்கு அனுப்புகிறேன். வாரம் 150, 200 படம் வரும்.

படம் திருத்த நான் பயன்படுத்தும் கிம்ப் மென்பொருளின் 2.10 பதிப்புக்கு என் தம்பி ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதிக் கொடுத்திருந்தான். ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஒவ்வொரு படத்தையும் 1080 பிக்சல் அகலமாக்கி, கூர்மை கூட்டி, வலது மூலையில் தறிக்காரரின் லோகோவை வைத்து, ஜேபெக்காக எடுத்துவிடும். அவன் இப்போது கப்பல் வேலையில் இருக்கிறான். எப்போதாவதுதான் பேச முடிகிறது.

முந்தாநாள் 3.0 போட்டேன். மெனுவில் அந்த ஸ்கிரிப்டின் பெயரே இல்லை. சரி, கையாலேயே செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கூர்மை கூட்டும் அன்ஷார்ப் மாஸ்க் ஃபில்டரைப் போட்டால் லேயர் (படத்தின் அடுக்கு) பக்கத்தில் எஃப்எக்ஸ் என்று ஒரு குறி வருகிறது. அப்படிச் சேமித்த எக்ஸ்.சி.எஃப். (கிம்ப்பின் சொந்த வகை) கோப்பு அண்ணி வீட்டுக் கணினியில் திறக்கவில்லை, அங்கே இன்னும் 2.10தான்.

எல்லாவற்றையும் விட நிறம்தான் பயமாக இருக்கிறது. கேமராவில் சரியாக இருக்கும் அரக்கு, போனில் பார்த்தால் வெளிறித் தெரிகிறது. வாடாமல்லியும் அப்படித்தான். நிறம் வேறு என்று புடவை திரும்பி வந்தால் அனுப்பிய செலவு தறிக்காரர் தலையில் விழும். வெள்ளிக்கிழமைக்குள் 180 படம் கொடுக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

அக்கா, முதலில் வெள்ளிக்கிழமை வேலையைக் காப்பாற்றுவோம். 2.10-ஐ நீக்கிவிட்டீர்களா? விண்டோஸில் இரண்டு பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். நீக்கியிருந்தாலும் கவலை இல்லை, பழைய பதிப்புகள் கிம்ப் தளத்திலேயே கிடைக்கும். 2024 மே மாதம் வந்த 2.10.38-ஐ எடுங்கள். ஸ்கிரிப்ட் கோப்பைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்த பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

பதில் 2

மேலே தம்பி சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள் அம்மா. உங்களுக்கு வந்திருப்பது ஒரே கோளாறு இல்லை. மூன்றும் தனித்தனி.

ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் கிம்ப்ஃபூ (பைத்தான் ஸ்கிரிப்டைப் பழைய கிம்ப்போடு இணைக்கும் பகுதி) என்ற சொல் இருந்தால் அது பைத்தான் 2-க்கு எழுதியது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல் கிம்ப்ஃபூவே கிடையாது. அதனால்தான் மெனுவில் பெயர் வரவில்லை. பைத்தான் 3-இல் திருத்தி எழுதியாக வேண்டும்.

எஃப்எக்ஸ் குறி கோளாறே அல்ல. 3.0-இல் ஃபில்டர் போட்டால் அது படத்தோடு கரைந்துவிடாமல் லேயர் மேல் தனியாக நிற்கும், எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. ஆனால் 2.10-க்கு அது தெரியாது, எனவே கோப்பைத் திறக்காது. அண்ணிக்கு அனுப்பும் கோப்பு என்றால் எஃப்எக்ஸ் குறியைத் தட்டி ஃபில்டரை லேயரோடு மெர்ஜ் செய்யுங்கள். ஃபில்டர் பெட்டியில் இருக்கும் மெர்ஜ் ஃபில்டரை முன்கூட்டியே டிக் செய்தாலும் சரி. பழைய பதிப்பில் திறக்காத கோப்பு என்றால் சேமிக்கும் பெட்டியிலேயே எச்சரிக்கை வரும். அது மறைந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நிறத்துக்கு ஒரு கேள்வி. கேமராவில் கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களை எண்ணாக எழுதும் முறை, எதில் இருக்கிறது? படத்தைத் திறக்கும்போது ப்ரொஃபைல் (அந்த எண்களை எப்படிப் படிப்பது என்று படத்தோடு வரும் குறிப்பு) பற்றி ஏதாவது கேட்டதா?

கேட்டவர்

கேமரா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது பார்த்தேன், அடோபி ஆர்.ஜி.பி. என்று இருக்கிறது. திறக்கும்போது கீப், கன்வர்ட் என்று கேட்டது, கீப் கொடுத்தேன். ஏற்றுமதி செய்யும்போது கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். ஆனால் கேமராவில் நான் எதையும் மாற்றவில்லை. 2.10-இல் இதே படங்கள் நன்றாகத்தானே வந்தன?

ஸ்கிரிப்டையும் திறந்தேன். முதல் வரிகளிலேயே கிம்ப்ஃபூ இருக்கிறது.

பதில் 2

அதே ஸ்கிரிப்டில் கலர் ப்ரொஃபைல் என்ற சொல்லைத் தேடுங்கள். சுருக்குவதற்கு முன்னால் ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

போனும் இணையமும் வழக்கமாகப் பயன்படுத்தும் கலர் ஸ்பேஸ் எஸ்.ஆர்.ஜி.பி. அதில் 255 என்று எழுதும் முழுச் சிவப்பை அடோபி ஆர்.ஜி.பி.யில் எழுதினால் 219-தான் வரும். அடோபியின் வரம்பு அகலம், அதனால் அதே சிவப்புக்கு எண் குறைவு. ப்ரொஃபைல் கூடவே இருந்தால் பார்க்கும் கருவி கணக்கைப் புரிந்துகொள்ளும். நீங்கள் ஏற்றுமதியில் டிக்கை எடுத்ததும் ப்ரொஃபைல் போய்விட்டது. போன் அந்த 219-ஐ எஸ்.ஆர்.ஜி.பி. எண்ணாகவே படிக்கிறது. அரக்கு வெளிறுவது அதனால்தான்.

இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் போய் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு கன்வர்ட் செய்யுங்கள். அசைன் என்று பக்கத்திலேயே ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், நிறம் அப்படியே வெளிறித்தான் இருக்கும். ஏற்றுமதியில் ப்ரொஃபைல் டிக் இருக்கட்டும். இனி எடுக்கும் படங்களுக்கு கேமராவையே எஸ்.ஆர்.ஜி.பி.யில் வைத்துவிடுங்கள்.

பதில் 3

இந்த வேலைக்கு கிம்ப்பே வேண்டாமே, கட்டளை தட்டிப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் ஒரே கட்டளையில் முடியும்.

பதில் 1

முடியும்தான் அண்ணா. ஆனால் கட்டளைத் திரையில் தட்டெழுதுவதை வெள்ளிக்கிழமைக்கு முன் பழகச் சொல்வது சரியில்லை. அக்கா, ஸ்கிரிப்டில் உள்ள வரிகளை இங்கே ஒட்டுங்கள், 3.0-க்கு நான் மாற்றித் தருகிறேன்.

கேட்டவர்

அந்த வரி இருக்கிறது. சுருக்குவதற்கு முன்னாலேயே தம்பி எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றியிருக்கிறான். இத்தனை நாளும் இது எனக்குத் தெரியவே தெரியாது. அகலம், கூர்மை, லோகோ, இந்த மூன்றுதான் என்று நினைத்திருந்தேன். முழுதையும் கீழே ஒட்டியிருக்கிறேன்.

பதில் 1

மாற்றிவிட்டேன், அனுப்பியிருக்கிறேன். பழையபடி ப்ளக்-இன்ஸ் ஃபோல்டருக்குள் நேராகப் போட்டால் 3.0 கண்டுகொள்ளாது. கோப்பின் பெயரிலேயே உள்ளே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் வைக்க வேண்டும். கோப்பு புடவை என்றால் ஃபோல்டரும் புடவை. வைத்துவிட்டு கிம்ப்பை மூடித் திறங்கள். முதலில் ஐந்து படத்தை மட்டும், அதுவும் நகலில், ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்

ஐந்து படமும் வந்துவிட்டன. முதலில் ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்து தவறிவிட்டதால் மெனுவில் வரவில்லை, சரிசெய்ததும் வந்தது. மெர்ஜ் செய்து அனுப்பிய கோப்பு அண்ணி வீட்டிலும் திறந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை வேலையை 2.10-இல்தான் முடித்தேன், 180 படமும் போய்விட்டன. அடுத்த வாரத்திலிருந்து 3.0.

புதிய ஸ்கிரிப்டில் வந்த அரக்குப் புடவையின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, புடவையையும் கையில் எடுத்துப்போய் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெய்தவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். இருவருக்கும் மிக்க நன்றி.