5% நோடை எடுத்தாலே நெட்வொர்க் உடைகிறது, எங்கே தப்பு?

வலைக்கண்ணி:
நெட்வொர்க் எவ்வளவு தாக்குதலைத் தாங்கும் என்று எம்.டெக் ப்ராஜெக்டுக்கு சிமுலேஷன் செய்கிறேன். பைத்தான், அதன் நெட்வொர்க்எக்ஸ் நூலகம், பரபாசி-ஆல்பர்ட் மாடல் (புதிதாக வரும் நோடு, ஏற்கெனவே இணைப்பு அதிகமுள்ள நோடுகளோடு ஒட்டும் வாய்ப்பு அதிகம்), 2000 நோட் (நெட்வொர்க்கின் புள்ளிகள்). ஆல்பர்ட், ஜியோங், பரபாசி மூவரும் 2000-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைப்படி 5% நோடை ரேண்டமாக எடுத்தாலும் மிச்சத்துக்குப் பாதிப்பில்லை, இணைப்பு அதிகமுள்ள ஹப்களாகப் பார்த்து எடுத்தால்தான் அடி. எனக்கோ ரேண்டமாக 100 எடுத்ததுமே, மீதி 1900-இல் பெரிய துண்டில் 1500 சொச்சம்தான் நிற்கிறது. மூன்று நாளாக வரி வரியாகப் பார்த்துவிட்டேன், பிழை தெரியவில்லை.

ரௌட்டர்ராசு:
எம் மதிப்பு 1 கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் புதிதாக வரும் ஒவ்வொரு நோடும் ஒரே இணைப்போடு வந்து ஒட்டும், மொத்தமும் மரம்தான், கிளை ஒடிந்தால் அதில் தொங்குவது எல்லாம் போச்சு, சுற்று வழி கிடையாது. அந்தக் கட்டுரையில் 10,000 நோடுக்கு 20,000 இணைப்பு. 2 போட்டுப் பாருங்கள். அப்புறம், ஹப்பை வெட்டும்போது ஒவ்வொன்றுக்குப் பிறகும் டிகிரியை (ஒரு நோடுக்கு எத்தனை இணைப்பு என்பதை) திரும்ப எண்ணுங்கள், முதலில் எடுத்த பட்டியலையே வைத்து வெட்டினால் வேறு விடை வரும். ஒரே சீடில் (ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பில்) முடிவுக்கு வராதீர்கள்.

பாக்கெட்பாலா:
ராசு சொன்னது சரி. ஆனால் இந்த மாடல் நெட்வொர்க்கையே இன்டர்நெட் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். 2016 அக்டோபர் 21 அன்று மிராய் பாட்நெட் (தீநிரலால் கைப்பற்றப்பட்ட கருவிகளின் கூட்டம்), ட்விட்டர் போன்ற தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களைத் திணறடித்தபோது ட்விட்டரின் சொந்த சர்வர்கள் நன்றாகவே ஓடின, கேபிள் ஒன்றும் அறுபடவில்லை, பெயரைக் கேட்டால் முகவரி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். தாக்கியவை பெரும்பாலும் வீட்டு கேமராக்களும் ரௌட்டர்களும். உங்கள் சிமுலேஷனில் அன்றைக்கு எல்லா நோடும் உயிரோடுதான் இருந்திருக்கும்! எதை நம்பி எது ஓடுகிறது என்பதையும் மாடலில் கொண்டுவாருங்கள், எனக்கு அதுதான் முக்கியமான பகுதியாகப் படுகிறது.

வலைக்கண்ணி:
ஆமாம், 1 தான் கொடுத்திருந்தேன்! 2 போட்டதும் 1900-இல் நான்கைந்து தவிர எல்லாம் ஒரே துண்டில். மிக்க நன்றி ராசு அண்ணா. பாலா அண்ணா, ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்றோ இரண்டோ டிஎன்எஸ் நோடு ஒதுக்கி, அதில் ஒன்றாவது எட்டினால்தான் தளம் உயிரோடு இருப்பதாக எண்ணப் போகிறேன். இரண்டு வைத்த தளங்கள் எவ்வளவு கூடுதலாகத் தாங்குகின்றன என்பதைத் தனி வரைபடமாகப் போட்டால் போதுமா?

பாக்கெட்பாலா:
போதும். ஆனால் அந்த இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருக்கும் தளங்களைத் தனியாகப் பிரித்து எண்ணுங்கள்.