குன்னூரா, கோத்தகிரியா? வீட்டு விலையை மறுபடி பேசிய கதை

அப்பா ஓய்வு பெற்ற பிறகு மலையில்தான் இருப்பேன் என்றார். தேடியதில் இரண்டு அடுக்குமாடி வீடுகள் மிஞ்சின. குன்னூரில் பதினைந்து வருடம் பழையது ஒன்று, 66 லட்சம். கோத்தகிரி பக்கம் புதியது ஒன்று, 55 லட்சம்.

கோத்தகிரி வீடு பார்த்ததுமே பிடித்துப்போனது. பெரிய ஜன்னல், எதிரே தேயிலைத் தோட்டம். ஆனால் கட்டடத்தைச் சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பின்பக்கப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் நான்கு! நீலகிரியில் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பது தெரிந்ததால் அனுமதி வரைபடம் கேட்டேன். "எட்டே வீடு சார், ரெரா பதிவே தேவையில்லை" என்றார் கட்டுநர். ரெரா என்பது கட்டுமானத் திட்டங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஆணையம். சிறிய திட்டங்களுக்கு அந்த விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் நான் கேட்டது வரைபடம். அது கடைசிவரை வரவில்லை.

குன்னூர் வீட்டின் உரிமையாளர் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். 63க்கு ஒத்துக்கொண்டார். ஒரு லட்சம் டோக்கன் முன்பணம் கொடுத்தோம். ரசீதில் 'கட்டடமும் ஆவணங்களும் திருப்தியாக இருந்தால்' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். விற்பனை ஒப்பந்தம் அப்போது போடவில்லை.

முதலில் பார்த்தது ஏப்ரலில். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான சோதனை. 2009 நவம்பர் மண்சரிவு இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அதனால் மழை பிடித்ததும் தெரிந்த சிவில் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு குன்னூர் வீட்டுக்குப் போனேன். படுக்கையறையில் பீரோவை நகர்த்தியதும் பூஞ்சண வாடை. புது பெயின்ட்டுக்கு அடியில் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் பின்னால் மண் சரியாமல் தாங்கும் தடுப்புச்சுவர். தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகள் மண் அடைத்துக் கிடந்தன, நடுவில் சுவர் லேசாகப் புடைத்திருந்தது. மண்ணில் ஊறும் நீர் வெளியேற வழியில்லாவிட்டால் அத்தனை அழுத்தமும் சுவர்மேல்தான் என்றார் இன்ஜினியர். குடியிருப்போர் சங்கத்தில் விசாரித்தால், பழுதுபார்க்க வீட்டுக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார்கள். நமக்கு யாரும் சொல்லவில்லை.

உரிமையாளரிடம் 58 என்று கேட்டேன். "பேசின வார்த்தை பேசினதுதானே தம்பி" என்று முகம் சுளித்தார். கோத்தகிரியில் புது வீடே 55க்குக் கிடைக்கிறது என்றேன். "அந்தப் பள்ளத்துக் கட்டடமா? தாராளமா வாங்கிக்கோங்க" என்று சிரித்துவிட்டார். அடுத்த வீட்டின் விலையைச் சொல்லி மிரட்டுவது மலையில் எடுபடாது, இங்கே எல்லோருக்கும் எல்லாக் கட்டடமும் தெரியும்.

எடுபட்டது இன்ஜினியர் கொடுத்த எஸ்டிமேட். ஓதத்துக்கு இவ்வளவு, தடுப்புச்சுவரில் நம் பங்கு இவ்வளவு என்று இரண்டே வரி, கூட்டினால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதை மேசையில் வைத்துவிட்டு நான் எதுவும் பேசவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து, "60. இதுக்குமேல கேட்காதீங்க" என்றார். சரி என்றேன். இன்னும் கொஞ்சம் குறையுங்கள் என்று இழுத்திருக்கலாம், ஆனால் நாளைக்கும் அதே ஊரில்தானே அப்பா இருக்கப்போகிறார்.

பத்திரத்தில் 45 காட்டி மீதியைக் கையில் தரலாமா என்று ஒரு பேச்சு வந்தது. முடியாது என்றேன், வங்கிக் கடனும் அதற்கு ஒத்துவராது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.40 லட்சம் தனியாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அந்த 60,000 ரூபாயை நான் மறுபடியும் குறைத்துவிட்டதாக நினைத்துப் பதிவு நாளன்றே உரிமையாளர் கோபித்துக்கொண்டார். அது அவர் பெயரில்தான் வரவாகும் என்று அவருடைய ஆடிட்டரே போனில் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.