டொயோட்டா 86: இன்டேக் மாற்றிய மூன்றாம் நாள் எஞ்சின் விளக்கு. கசிவா, குழாயா?

ஈசூன்_86
வணக்கம். 2015 டொயோட்டா 86, மேனுவல், 94,000 கி.மீ. ஓடியது. போன மாதம் ஒருவரிடம் பழைய கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று இழுத்துத் தரும் குழாய்) ஒன்றை 180 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். அலுமினியக் குழாய், முனையில் எண்ணெய் தடவும் ரகத்துக் கூம்பு ஃபில்டர். "உங்கள் காருக்கு அப்படியே பொருந்தும்" என்றார். பொருந்தியது என்னவோ உண்மைதான். ஞாயிறு காலை மச்சானும் நானும் இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டோம். 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் அந்தச் சத்தம் இருக்கிறதே, சுரங்கப்பாதை வந்தாலே கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன்.

மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு. ஸ்கேனரில் பி0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அழித்துவிட்டு ஓட்டினால் இரண்டே நாளில் மறுபடி வருகிறது. பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு மிதித்தால் கார் தூக்கக் கலக்கத்தில் எழுந்த மாதிரி இழுக்கிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் 80 வெள்ளி வாங்கிக்கொண்டு புகை விட்டுச் சோதித்தார்கள். கசிவு இல்லையாம். அடுத்து டியூன் பண்ண வேண்டும், அதாவது கார் கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கைத் திருத்த வேண்டும், 1,200 வெள்ளி என்கிறார்கள். பண்ணலாமா?

லோரோங்_8
காரோடு வந்த பழைய ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டு தம்பி. 1,200 வெள்ளிக்கு நாலு நல்ல டயர் வரும்.

மூன்றாம்_கியர்
கசிவாகத்தான் இருக்கும். 86-இல் எஞ்சின் சத்தத்தை உள்ளே கொண்டுவர இன்டேக் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய் கம்பெனியிலேயே வரும். புதுக் குழாயில் அதற்கு வாய் இருந்து, அதை அடைக்காமல் விட்டிருந்தால் இதே கோடு வரும். எஞ்சின் ஆவியைத் திரும்ப இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸையும் பாருங்கள்.

ஈசூன்_86
பார்த்துவிட்டேன் அண்ணே. அதற்கு மூடி போட்டிருக்கிறேன். கிளாம்ப் எல்லாவற்றையும் இன்னும் இறுக்கப் போய் ஒரு சிலிகான் ஹோஸ் கிழிந்து, புதிது வாங்க 25 வெள்ளி போனதுதான் மிச்சம்.

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
டியூனுக்குப் பணம் கட்டாதீர்கள் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். மூன்று அளவு வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் (மிதிக்காமல் ஓடும்போதும்) 2,500 ஆர்பிஎம்மிலும் ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், எவ்வளவு? நெரிசலில் இன்டேக் காற்றின் வெப்பநிலை என்ன? உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சர் உட்காரும் இடத்தில் புதுக் குழாயின் உள்விட்டம் பழையதைவிட எவ்வளவு கூடுதல்? காரில் செருகி அளவுகளைப் படிக்கும் 20 வெள்ளி ஓபிடி கருவியும் ஒரு வெர்னியர் அளவுகோலும் போதும்.

டிரிம் எதற்கென்றால், ஓட்டை வழியாக உள்ளே வரும் காற்றின் அளவு பெரிதாக மாறாது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அது பெரிதாகத் தெரியும், ஆர்பிஎம் கூடினால் மறைந்துவிடும். கசிவு என்றால் ஐடிலில் டிரிம் உயர்ந்திருக்கும், 2,500-இல் இறங்கும். இரண்டிலும் உயர்ந்தே இருந்தால் மாஃப் பொய் சொல்கிறது.

ஈசூன்_86
ஐடிலில் +21, 2,500-இல் +24. உள்விட்டம் பழையதைவிட 5 மி.மீ. பெரிது. நேற்று மாலை தோ பாயோ பக்கம் நெரிசலில் வெளியே 32 டிகிரி, இன்டேக்கில் 61!

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
அப்போது கசிவு இல்லை. மாஃப், குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் இருக்கும் சூடான கம்பியை அதன்மேல் படும் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்று மட்டும் பார்த்து, மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கு பழைய குழாயின் விட்டத்துக்கு எழுதியது. 70 மி.மீ. இருந்த இடத்தில் 75 வந்தால் பரப்பளவு சுமார் 15 சதவீதம் கூடும். அதே காற்று அகலமான வழியில் மெதுவாகப் போகும். கம்பி குறைவாகக் குளிரும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். பிறகு ஆக்ஸிஜன் சென்சர் பார்த்து, போதவில்லை என்று திரும்பக் கூட்டும். அந்தக் கூட்டல்தான் உங்கள் +24.

ஆனால் குழாய்க்கு 15 என்றால் மீதி 9 எங்கிருந்து வருகிறது? ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டீர்களா?

ஈசூன்_86
போட்டேன்... நிறையவே போட்டேன். போட்ட கையோடு மாட்டி ஓட்டினேன்.

லோரோங்_8
தீபாவளி எண்ணெய்க் குளியலே நடத்தியிருக்கிறார்!

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
அதுதான். எண்ணெய் கம்பியில் ஒட்டி, தூசி சேர்ந்து போர்வை போர்த்திவிடும். சாவியை எடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு சென்சரைக் கழற்றுங்கள். மாஃபுக்கென்றே விற்கும் கிளீனரால் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகு, ரப்பர் வளையம் மடங்காமல் மாட்டுங்கள்.

61 டிகிரிக்கு வருவோம். அது கோல்ட் ஏர் இல்லை தம்பி, ரேடியேட்டரின் மூச்சு. பெட்டியே இல்லாத கூம்பு, பானெட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் குடிக்கும். 61-க்கும் வெளியே இருந்த 32-க்கும் நடுவே காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் மாறுகிறது. போதாததற்கு, சூட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டர் இக்னிஷன் தீப்பொறி நேரத்தையும் பின்தள்ளும். உங்கள் கார் சோம்புவதற்குக் காரணம் இதுதான். பழைய பெட்டி முன்பக்கத்திலிருந்து மூக்கு நீட்டி வெளிக்காற்றை எடுக்கிறது. பார்க்க அழகில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம்_கியர்
அப்படியானால் பம்பருக்குக் கீழே இறங்கும் நீளக் குழாய்? குளிர்ந்த காற்று நிச்சயம்.

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
மாலை மழையில் புக்கிட் தீமா பக்கம் ஓட்டுகிறவருக்கு நான் அதை மாட்டித் தரமாட்டேன். இந்த எஞ்சின் 2.0 லிட்டர், 12.5-க்கு 1 கம்ப்ரஷன். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஒரு சிலிண்டரில் இருக்கும் இடம் 43 மில்லி சொச்சம். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனால் போதும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். திடீர் வெள்ளத்தில் நின்று, திரும்ப ஸ்டார்ட் அடித்துப் பார்த்த ஒருவருடைய காரைப் பிரித்திருக்கிறேன். ராடு வாழைப்பழம் மாதிரி இருந்தது.

எது மாட்டினாலும் முதலில் ஒன்மோட்டரிங் தளத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்ற விதிகளைப் படியுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். 3 வருடத்திலிருந்து 10 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குமேல் வருடாவருடம் பரிசோதனை இருக்கிறது. அங்கே போய் நின்று வாதாட முடியாது.

ஈசூன்_86
நிலவரம்: சென்சரைக் கழுவினேன். அடித்த கிளீனர் டீ நிறத்தில் வடிந்தது. ஐடிலில் +14, 2,500-இல் +15. அண்ணே சொன்ன கணக்கு அப்படியே நிற்கிறது! விளக்கு திரும்ப வரவில்லை.

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்
விளக்கு வராததால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முழுசாக மிதிக்கும்போது கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சரைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்காது. பெரும்பாலும் மாஃப் சொல்வதை நம்பித்தான் பெட்ரோல் ஊற்றும். அந்த நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தட்டும் (நாக்கிங்). ஒன்று, குழாய்க்கு ஏற்ப மாஃப் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும், அதுதான் உங்களிடம் 1,200 கேட்ட வேலை. இல்லை, பழைய பெட்டி.

ஈசூன்_86
பழைய பெட்டி திரும்ப வந்தாச்சு. உள்ளே எண்ணெய் போடாத பேனல் ஃபில்டர், 70 வெள்ளி. ரீசெட் செய்து 150 கி.மீ. ஓட்டினேன்: டிரிம் +2, +3. அதே மாலை நேரம், அதே தோ பாயோ நெரிசலில் 48 டிகிரி, ஓட ஆரம்பித்ததும் 36. கார் பழையபடி இழுக்கிறது. சத்தம் மட்டும் போய்விட்டது, அதுதான் வயிற்றெரிச்சல்.

குழாய் மச்சான் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. யாராவது கேட்டால் உள்விட்டத்தை அளந்து எழுதி ஒட்டித்தான் கொடுப்பேன்.

லோரோங்_8
50 வெள்ளி. நாளை வந்து எடுத்துக்கொள்ளவா?