எட்டாவது வளைவில் நின்றுவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, உதவி தேவை

கன்னங்குறிச்சி | வியாழன், இரவு 10.40
வணக்கம். ஞாயிறு காலை ஏற்காட்டில் பழைய கார்க் கண்காட்சி. ஒத்திகை பார்க்கலாம் என்று இன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். அடிவாரத்திலிருந்து அருமையாக ஏறியது. எட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இருமியது, இரண்டு முறை குலுங்கியது, நின்றுவிட்டது. இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. பன்னிரண்டாவது வளைவில் மறுபடியும் அதே கதை. மேலே போகத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன். ஊருக்குள் ஒரு தொல்லையும் இல்லை. பேட்டரி புதிது, பிளக் புதிது. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

ஸ்பேனர் 17 | இரவு 10.58
எந்த வண்டி, எந்த வருடம்? பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா? நின்றபோது பொறி வந்ததா, பெட்ரோல் வந்ததா என்று பார்த்தீர்களா? இவை தெரியாமல் யார் சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

அம்பாசடர் நேசன் | இரவு 11.05
எந்த வண்டியாக இருந்தாலும் இது வேப்பர் லாக். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அடிவாரத்திலிருந்து 20 வளைவுகள், முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏற வேண்டும். இன்ஜின் அறை கொதிக்கும், குழாயில் பெட்ரோல் ஆவியாகும், பம்ப் காற்றைத்தான் அடிக்கும். ஆறியதும் மறுபடி ஓடும். எங்கள் மாமா இந்த மலையில் டாக்சி ஓட்டிய காலத்தில் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றாமல் ஏறியதே இல்லை. பக்கத்து இருக்கையில் தண்ணீர்க் கேன் இருக்கும், பாதி வழியில் நிறுத்தித் துணியை நனைப்பார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம்.

பழமை காப்போன் | இரவு 11.31
வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பவருக்கு, பெயரைக்கூடக் கேட்காமல் மருந்து சொல்கிறார்கள். இந்த இழைகளில் எத்தனை முறை எழுதிவிட்டேன்! சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்றால் முதலில் கண்டென்சரைப் பாருங்கள், அதாவது பொறிக்குத் துணைநிற்கும் அந்தச் சிறு மின்பொருளை. இப்போது கடைகளில் வரும் கண்டென்சர்கள் சூடு தாங்குவதில்லை. பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து இன்ஜினைச் சுற்றவிடுங்கள். நீலப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக இளைத்து வந்தால் நான் சொன்னதுதான். கம்பியைக் கையால் தொடாதீர்கள், இடுக்கியில் பிடியுங்கள். அடிப்படை தெரியாதவர்கள் இந்த வண்டிகளை மலைக்கு எடுத்துப் போகக்கூடாது.

கன்னங்குறிச்சி | வெள்ளி, காலை 6.15
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எம்ஜி டிடி, இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், 1952. 1250 சிசி இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், எஸ்யூ மின்சாரப் பம்ப். தாத்தா வாங்கியது. பொறி பார்க்கவில்லை, இருட்டிவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை.

செவ்வாய்ப்பேட்டை | காலை 7.02
அழகான வண்டி. பிளாட்டினம் (பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் முனை), கண்டென்சர் இரண்டையும் தூக்கிப்போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுங்கள். பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் மறைந்துவிடும், வெளியே தெரியாது. நான் மாட்டி நான்கு வருடம் ஆகிறது, ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை.

பழமை காப்போன் | காலை 7.20
டிடி பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான பெட்டியை அதில் மாட்டினால் முதல் சாவித் திருப்பலிலேயே புகைந்துவிடும். அதைச் சொல்லாமல் மாட்டச் சொல்கிறீர்கள். தவிர, கண்காட்சிக்குப் போவது பிறந்தபடி இருக்கும் வண்டியைக் காட்டத்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் அது ஏமாற்று.

செவ்வாய்ப்பேட்டை | காலை 7.41
பாசிட்டிவ் எர்த்துக்கும் தனியாகக் கிடைக்கிறது, ஐயா. எர்த் வகையை நான் முதலில் சொல்லாதது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏமாற்று என்ற சொல்லை ஏற்க மாட்டேன். கொட்டகையில் போர்வைக்கு அடியில் நிற்கும் அசல் வண்டியைவிட, ஒரு சிறு பொருளை மாற்றிச் சாலையில் ஓடும் வண்டிக்குத்தான் உயிர் இருக்கிறது. ஞாயிறன்று சிறுவர்கள் பார்க்கப்போவது ஓடும் வண்டியை.

பழமை காப்போன் | காலை 7.55
ஒரு சிறு பொருள் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பிறகு டீசல் இன்ஜின் வைத்த செவர்லேயைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

ஸ்பேனர் 17 | காலை 8.10
உங்கள் வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், இவருக்கு நாளை மறுநாள் கண்காட்சி. கன்னங்குறிச்சி, டிடியில் பம்ப் இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கிறது, டேங்க் வண்டியின் வாலில். அவ்வளவு நீளக் குழாயை அது உறிஞ்சியே இழுக்க வேண்டும். அதனால் பம்பின் சத்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். படபடவென்று நிற்காமல் அடித்தால் காற்று வாங்குகிறது, அல்லது பெட்ரோல் ஆவியாகிறது. அடிக்க முடியாமல் திணறினால், பின்னால் ஏதோ பெட்ரோலை விட மறுக்கிறது. நிற்பதற்கு முன் எப்படி அடித்தது?

கன்னங்குறிச்சி | காலை 8.32
நான் கவனிக்கவில்லை. ஆனால் அப்பா நேற்று வண்டியில் இருந்தார். அவரைக் கேட்டேன். "டிக், டிக் என்று அடிப்பது ஏழாவது வளைவிலிருந்தே தேங்கித் தேங்கி வந்தது, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கியது" என்கிறார். எனக்கு இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

காபித்தோட்டம் | காலை 8.50
அப்பாவின் காதுக்கு வணக்கம். தம்பி, கண்காட்சிக்காக டேங்க் பக்கம் ஏதாவது வேலை செய்தீர்களா? வர்ணம், மூடி, எதுவானாலும் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி | காலை 9.04
டேங்குக்குப் புது வர்ணம் அடித்தேன். வளைவுகளில் பெட்ரோல் தளும்பி மூடி வழியாக வழிந்து வர்ணத்தைக் கெடுக்கும் என்பதால் மூடிக்கு அடியில் தடித்த ரப்பர் வெட்டிப் போட்டேன். நேற்று மலைக்காக டேங்கை விளிம்புவரை நிரப்பினேன். அது இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தேன்.

காபித்தோட்டம் | காலை 9.12
சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. மூடியில் மூச்சுத்துளை உண்டு. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். உங்கள் ரப்பர் அதை அடைத்துவிட்டது. டேங்க் நிறைய இருந்ததால் மேலே காற்றுக்கு இடமே இல்லை. ஒரு லிட்டர் இறங்கினாலே உள்ளே வெற்றிடம் இழுக்கத் தொடங்கும், பம்ப் தோற்றுப்போகும். ஊருக்குள் சிறு ஓட்டம், அதனால் தெரியவில்லை. நிறுத்தி வைத்த இருபது நிமிடத்தில் எங்காவது நூலளவு காற்று கசிந்து உள்ளே வந்திருக்கும். மறுபடி நின்றால் வேறெதையும் தொடாமல் மூடியை மட்டும் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று உள்ளே இழுத்தால் ஐயமே வேண்டாம்.

அம்பாசடர் நேசன் | காலை 9.30
ஏற்கிறேன். ஆனால் குழாயில் அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ஈரத்துணியையும் எடுத்துப் போங்கள்.

பழமை காப்போன் | காலை 9.48
மாற்றுக் கண்டென்சர் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

ஸ்பேனர் 17 | சனி, இரவு 9.20
என்ன ஆயிற்று? மூடியைத் திறந்தீர்களா?

கன்னங்குறிச்சி | ஞாயிறு, மாலை 6.45
நேற்று ஒன்பதாவது வளைவில் நின்றது. மூடியைத் திறந்தேன், 'உஸ்' என்று இழுத்தது. மூடாமலே சாவியைத் திருப்பினேன், பம்ப் படபடவென்று அடித்து நிரப்பி அடங்கியது. ரப்பரில் மூச்சுத்துளைக்கு நேராக ஓட்டை போட்டேன், டேங்கில் நான்கு விரல் உயரம் பெட்ரோலைக் குறைத்தேன். இன்று 20 வளைவும் நிற்காமல் ஏறியது. பன்னிரண்டாவது வளைவைத் தாண்டியபோது அப்பா பம்பைக் கேட்டுக்கொண்டே தலையசைத்தார். எல்லோருக்கும் நன்றி. வண்டியைச் சுற்றிக் கூட்டம், பிறகு எழுதுகிறேன்.

காபித்தோட்டம் | மாலை 7.10
மகிழ்ச்சி, தம்பி. இன்றிரவே இறங்குவதானால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. இரண்டாவது கியரில் இன்ஜினே பிடித்துக்கொண்டு இறங்கட்டும். அடிவாரம் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.